அந்திக் கிரக மேம்பாட்டுக் குழு

அம்பத்தூரில் இருந்த ஓர் அரசு வால்வு தொழிற்சாலைக்கு 1989-இல் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊழியர்களிடையே அறிவியல் மனப்பான்மையை வளர்க்க வேண்டும், அதற்காக ஒவ்வொரு தொழிற்சாலையும் ஓர் அறிவியல் கதையைத் தயாரித்து மார்ச் மாதக் கடைசிக்குள் அனுப்பி வைக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. வால்வுகளை அனுப்புவதற்கும் அதே கெடுதான் என்பதால், இதில் விசேஷமாக எதுவும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

நோட்டீஸ் போர்டைக் கடந்து எல்லோரும் கேன்டீனுக்குப் போனார்கள். உலைப் பிரிவில் வேலை செய்த பால்ராஜ் மட்டும் நின்று கடைசி வரி வரை படித்தான். ஒப்புதல் பெறும் கதையின் ஆசிரியருக்கு ஓராண்டு காலம் ஜெனரல் ஷிப்டு வழங்கப்படும் என்பது அந்தக் கடைசி வரி.

ஜெனரல் ஷிப்டு என்றால் காலையில் வந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்புவது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் அதைத் தினமும் செய்தார்கள். அதற்காக அவர்கள் ஒரு நாளாவது சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. பால்ராஜுக்கு ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. அவன் மனைவி ஹில்டா பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கும் அதே மூன்று டூட்டிதான். இரண்டு நிறுவனங்களும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததுபோல, அவன் வீட்டுக்கு வரும் நேரத்தில் அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். திருநின்றவூரில் ஏரிப் பக்கம் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் அதிக நேரம் இருந்தது பூட்டுதான்.

ஹில்டாவின் அம்மா சகாயம்மாள் ஆவடியிலிருந்து வரும்போதெல்லாம், "இன்னாடி, விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்பாள்.

"அதுக்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஊட்ல இருக்கணும்மா," என்பாள் ஹில்டா.

பால்ராஜ் அதுவரை எழுதியதெல்லாம் லீவு லெட்டர்தான். ஆனால் கிளை நூலகத்தில் எடுத்த வானவியல் புத்தகம் ஒன்றில் படித்த ஒரு செய்தி அவன் மனதில் தங்கியிருந்தது. சில கிரகங்கள் தங்கள் சூரியனுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு சுற்றலாமாம். ஒரு பக்கம் எப்போதும் பகல். மறுபக்கம் எப்போதும் இரவு. இரண்டுக்கும் நடுவே, ஒரு மோதிரம் போல, எப்போதும் சாயங்காலம்.

அந்த மோதிரத்தில் அவன் ஒரு ஊரைக் கட்டினான். அங்கே எல்லோரும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டவர்கள். வாசலில் தண்ணீர் தெளித்திருக்கும். வெளிச்சம் செம்பருத்தி நிறத்தில் இருக்கும், போகவே போகாது. கதையில் ஒருவனும் அவன் மனைவியும் காபி குடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஹில்டா டூட்டிக்குத் தலை வாரிக்கொண்டே நின்றபடி படித்தாள்.

"கதை எங்கங்க இருக்கு இதுல?"

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்காங்களே."

"அதான் தெரியுது. அப்புறம் என்ன ஆகுது?"

"அப்புறமும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க."

ஹில்டா சீப்பைக் கூந்தலிலேயே விட்டுவிட்டுச் சற்று நேரம் தாள்களைப் பார்த்தாள். "குடுங்க அவங்ககிட்ட," என்றாள். "நல்லா இருக்கு."

தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரே கதைதான். ஆகையால் தேர்வு சுலபமாக முடிந்தது. ஆனால் வெளியிலிருந்து வரும் எதையும் சோதித்து, மேம்படுத்தி, ஒப்புதல் முத்திரை குத்தாமல் ஏற்றுக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை. துணைப் பொது மேலாளர் சின்னசாமி தலைமையில் அந்திக் கிரக மேம்பாட்டுக் குழு அமைக்கப்பட்டது. முதல் கூட்டத்தில் முந்திரி பிஸ்கட் கொடுத்தார்கள்.

"ஒரு புதிய உலகத்தை எப்படி உருவாக்குவது?" என்று சின்னசாமி தொடங்கினார். "கற்பனையால் அல்ல. கற்பனையால் உருவாக்கினால் அது நிற்காது. முதலில் பரந்த கருப்பொருள்கள் வேண்டும். கருப்பொருள் அஸ்திவாரம், கிரகம் மேலே போடும் ஷெட். நான் இந்த வளாகத்தில் ஆறு ஷெட் போட்டிருக்கிறேன். ஒன்றுகூட கற்பனையால் போட்டதில்லை." அவர் பால்ராஜைப் பார்த்தார். "உங்க கிரகத்தோட கருப்பொருள் என்ன?"

"சாயங்காலம் சார்."

"அது பரந்ததா?"

"ரொம்ப நேரம் இருக்கும் சார்."

அது நேரம், பரப்பு அல்ல என்று குழு முடிவு செய்தது. அதற்குப் பதிலாக உற்பத்தி, பாதுகாப்பு, குடும்ப நலம், எரிபொருள் சிக்கனம், தேசிய ஒருமைப்பாடு ஆகிய பரந்த கருப்பொருள்கள் ஏற்கப்பட்டன. இவை ஏற்கெனவே தொழிற்சாலைச் சுவரில் பெயின்டால் எழுதப்பட்டிருந்தவை. புதிதாகச் சிந்திக்கும் செலவு மிச்சமானதைத் தலைவர் பாராட்டினார். எரிபொருள் சிக்கனத்துக்கு அந்தக் கிரகம் முன்மாதிரி என்றும் குறித்துக்கொண்டார்கள், சாயங்கால வெளிச்சத்துக்குக் கரண்ட் தேவையில்லை.

பாதுகாப்பு அதிகாரி அமீருதீன் தன்மையான மனிதர். யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். அடுத்த கூட்டத்துக்குக் கதையை முழுதும் படித்து, ஓரங்களில் சிவப்பு மையால் குறித்து எடுத்து வந்திருந்தார்.

"தம்பி, அருமையா எழுதியிருக்கீங்க. ஒரு சந்தேகம்தான். பாதி கிரகம் எப்பவும் வெயில்னு போட்டிருக்கீங்க. அந்தப் பக்கம் யாராவது தெரியாம போயிட்டா?"

"யாரும் போகமாட்டாங்க சார். எல்லாரும் வீட்ல இருக்காங்க."

"நம்ம உலைப் பக்கமும் யாரும் போகக்கூடாதுதான். போறாங்களே. வேலி போட்டு, அபாயம்னு மூணு மொழியில போர்டு வைக்கணும்."

வேலி போட்டார்கள். இருட்டுப் பக்கத்தில் ட்யூப்லைட் போட்டார்கள். எரிபொருள் சிக்கனத்துக்குக் கொடுத்த பாராட்டு திரும்பப் பெறப்பட்டது. கிரகம் முழுவதையும் சுற்றி ஒரு காம்பவுண்டுச் சுவர் வந்தது.

"அவசர வழி எந்தப் பக்கம்?" என்றார் அமீருதீன்.

"உருண்டையா இருக்குது சார். எந்தப் பக்கம் போனாலும் வெளியிலதான்."

"அது ஆபத்தாச்சே தம்பி. ஆளுக்கொரு பக்கம் போனா கணக்கு வராது. ஒரு கேட் போதும். கேட்ல ஒரு செக்யூரிட்டி."

கேட் வந்ததும், உள்ளே போகிறவனுக்கு டோக்கன் வேண்டுமே என்ற கேள்வி எழுந்தது. டோக்கன் என்பது ஊழியர் எண் பொறித்த பித்தளை வில்லை. அது இல்லாமல் பொது மேலாளரையே ஒருமுறை கேட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். கதாநாயகனை பால்ராஜ் கதை முழுக்க 'அவன்' என்றுதான் எழுதியிருந்தான். 'அவன்' என்ற பெயரில் ஊழியர் யாரும் பதிவில் இல்லை என்று நலத்துறை அதிகாரி வனஜா சொன்னாள்.

"பேரும் டோக்கன் நம்பரும் சொல்லுங்க மிஸ்டர் பால்ராஜ். கூட்டம் முடியணும்."

பால்ராஜுக்குத் தெரிந்திருந்தது ஒரே ஒரு நம்பர், தன்னுடையது. அதைச் சொன்னான். அந்தக் கிரகத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவன் அன்று முதல் பால்ராஜ் ஆனான். மனைவி ஹில்டா ஆனாள்.

குடும்ப நலம் வனஜாவின் பொறுப்பு. கதையில் வரும் தம்பதிக்கு எத்தனை குழந்தைகள் என்று அவள் கேட்டாள். இன்னும் இல்லை என்று பால்ராஜ் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. குடும்ப நலத் திட்டத்தில் ஒரு கிரகமே நூறு சதவீத இலக்கை எட்டுவது இதுதான் முதல் முறை என்று தீர்மானம் எழுதினார்கள். உண்மைத் தன்மைக்காக ஆசிரியரின் மனைவியையும் விசாரிப்பது நல்லது என்று தோன்றவே, ஹில்டாவை அழைத்தார்கள். அவள் இரவு டூட்டி முடிந்து, தூங்காமல் நேராக வந்தாள்.

"கட்டுப்பாட்டோடு இருக்கீங்க. பாராட்டுகள்," என்றாள் வனஜா. "இதை எப்படிச் சாதிச்சீங்கன்னு மத்தவங்களுக்கும் சொல்லலாமே."

"நாங்க எங்க மேடம் சாதிச்சோம்," என்றாள் ஹில்டா. "நீங்க ஒரு பக்கம் ஷிப்டு போட்டீங்க, எங்க மேட்ரன் ஒரு பக்கம் ஷிப்டு போட்டாங்க. அதான்."

நிர்வாகத்தின் பங்களிப்பை ஊழியர் குடும்பமே மனமுவந்து ஒப்புக்கொண்டது என்று வனஜா எழுதிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் ஹில்டா கணவனிடம் கேட்டாள். "ஜெனரல் ஷிப்டு எப்பத்திலேருந்து?"

"ஒப்புதல் ஆயிட்டா மறுநாளே."

"அங்க இன்னும் சாயங்காலம்தானே?"

"இன்னும் சாயங்காலம்தான்."

"அது போதும். வேலி, கேட்டெல்லாம் இருந்துட்டுப் போவட்டும்," என்று சொல்லி, ஒரு கொட்டாவியோடு ரயிலுக்குப் போனாள்.

இத்தனைக்கும் தொழிற்சங்கம் இதுவரை கதையைப் படிக்கவில்லை. சங்கச் செயலாளர் தேவராஜ், தன்னைக் கேட்காமல் ஒரு கிரகம் தொடங்கப்பட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் நேராக உலைப் பிரிவுக்கு வந்தார்.

"இன்னா பால்ராஜு, ஒரு ஒலகமே கட்டிகினு கீறியாமே. நம்மாண்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அது கதைண்ணே."

"கதையோ கிதையோ, அங்க ஆள் வேலை செய்யுறான்ல? அங்க மணி இன்னா?"

"எப்பவும் சாயங்காலம்ண்ணே."

தேவராஜ் கண்களை மூடி யோசித்தார். சங்கத்தில் பெரிய கோரிக்கைகள் பிறக்கும்போது அவர் அப்படித்தான் செய்வார். "எப்பவும் சாய்ங்காலம்னா இன்னா அர்த்தம்? எல்லாரும் எப்பவும் செகண்ட் ஷிப்டுல கீறான்னு அர்த்தம். செகண்ட் ஷிப்டுன்னா?"

பால்ராஜுக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தொழிற்சாலையில் காலை ஷிப்டுக்கு பிஸ்கட், இரவு ஷிப்டுக்கு பன், மதியம் தொடங்கி இரவு முடியும் செகண்ட் ஷிப்டுக்கு மட்டும் சுடச்சுட போண்டா. பழைய பெரிய வேலைநிறுத்தம் ஒன்றில் வாங்கிய உரிமை அது.

"போண்டா," என்றான்.

"அதான். அந்தக் கெரகத்துல கீற ஒவ்வொருத்தனுக்கும், எப்பவும், போண்டா குடுத்தே ஆவணும். ஒருத்தனுக்கு நிறுத்துனாலும் நம்ம உரிமை போச்சு. இன்னிக்கு அங்க நிறுத்துவான், நாளிக்கு இங்க நிறுத்துவான்."

"அண்ணே, அவங்க வீட்ல காபி குடிச்சிக்கிட்டிருக்காங்க."

"காபி அவன் ஊட்டுக் காபி. போண்டா கம்பெனி போண்டா. ரெண்டையும் கொழப்பாத நைனா."

கோரிக்கை எழுத்தில் போயிற்று. கேன்டீன் மேனேஜர் குழுவின் முன் வந்து, முடிவில்லாமல் தொடரும் செகண்ட் ஷிப்டுக்கு போண்டா போட்டால் எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கவே முடியாது என்று கையைப் பிசைந்தார். அமீருதீன் அது தீ விபத்துக்கு வழி என்றார். தேவராஜ் அசையவில்லை. மறுநாள் சாயங்காலம் செகண்ட் ஷிப்டு ஆட்கள், கண்ணால் பார்த்திராத கிரகத்தின் தொழிலாளர்களுக்கு ஆதரவாகத் தங்கள் போண்டாக்களைத் தொடாமல் தட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். பால்ராஜின் பக்கத்தில் நின்ற வெல்டர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அங்க கீறவனுக்கு நாங்க பட்டினி. உனக்கு வேற எந்நேரமும் கெடைக்கலியா மாமே, காலைலன்னு எழுதியிருக்கக் கூடாதா?" என்று கேட்டான்.

போண்டாக்கள் ஆறிக்கிடந்த தட்டுகளைப் பார்த்த பிறகு நிர்வாகம் இறங்கி வந்தது. இரண்டு தரப்பும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேசின. ஒப்பந்தம் கையெழுத்தானதும் சின்னசாமி பால்ராஜைத் தன் அறைக்கு அழைத்து, நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவனை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"எல்லாருக்கும் திருப்தியா ஒரு முடிவு வந்திருக்கு. கிரகம் சுத்தும்."

"சூரியனைச் சுத்திக்கிட்டுத்தான் இருக்குது சார்."

"அது இல்ல. தன்னைத்தானே சுத்தும். நம்ம பூமி மாதிரி. அப்ப மூணு ஷிப்டும் வந்துடும். மூணுல ஒருத்தருக்குத்தான் போண்டா. சங்கமும் சரின்னுட்டாங்க, கேன்டீனும் சரின்னுட்டாங்க. உற்பத்திங்கற கருப்பொருளுக்கும் இதுதான் பொருத்தம்."

பால்ராஜ் எழுந்து நின்றான். "சார், சுத்தினா சாயங்காலம் போயிடும் சார். அந்தக் கதையில அது ஒண்ணுதான் சார் இருக்குது."

"போகாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை வரும். ஷிப்டு ரோஸ்டர்படி."

"வர்ற நேரத்துல அவன் ஷிப்டுல இருப்பான் சார். இல்லேன்னா அவ இருப்பா."

சின்னசாமி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாத முகம் சோர்ந்து, சாதாரணமாக இருந்தது. "பால்ராஜ், சாயங்காலம் யாருக்குத்தான் வேணாம்? எனக்கு ஜெனரல் ஷிப்டுன்னு பேரு. மீட்டிங் முடிஞ்சு நான் வீட்டுக்குப் போறப்ப என் பொண்ணு தூங்கியிருப்பா. ரெண்டாங் கிளாஸ் படிச்சப்பவும் அப்படித்தான். இப்ப காலேஜ் போறதா சொல்றாங்க. அதுக்காக நான் ஒரு கிரகத்தை நிறுத்தி வைக்கணும்னு கேட்டேனா? எல்லாரும் அப்படிக் கேட்டா எந்தக் கிரகம்தான் சுத்தும்?"

சின்னசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் மறுபடி துணைப் பொது மேலாளர் ஆனார்.

"வருத்தப்படாதீங்க. கதை சுபமா முடியணும்னு நானே எழுதிச் சேர்த்திருக்கேன். உங்க கதாநாயகனுக்கு நிர்வாகம் ஜெனரல் ஷிப்டு கொடுக்குது. தினம் அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போறான். திருப்திதானே? நாளைக்கு ஒப்புதல். உங்க பரிசும் நாளைக்கே."

கிரகம் போனால் போகட்டும் என்று பால்ராஜ் தன்னைத் தேற்றிக்கொண்டான். சாயங்காலம் இங்கே கிடைத்துவிட்டால் அங்கே எதற்கு? ஹில்டாவிடம் செய்தியைச் சொன்னபோது அவள் வேறொரு நர்ஸைக் கெஞ்சி டூட்டி மாற்றிக்கொண்டாள். அஞ்சு மணிக்கு ஃபேக்டரி கேட்டுக்கே வந்துவிடுகிறேன், ரெண்டு பேரும் ஒரே ரயிலில் வீட்டுக்குப் போவோம், கல்யாணமானதிலிருந்து அது ஒரு நாளும் நடக்கவில்லை என்றாள்.

மறுநாள் கேன்டீன் கூடத்தில் விழா. கதையைப் பட்டுத்துணி சுற்றி வைத்திருந்தார்கள். பரந்த கருப்பொருள்களிலிருந்து ஒரு முழு உலகத்தை, கெடுவுக்கு முன்பே, ஒரு விபத்துகூட இல்லாமல் கட்டி முடித்ததாகச் சின்னசாமி பேசினார். ஆரம்பத்தில் கதையில் இரண்டு பேர் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள், இப்போது ஒருவரும் சும்மா இல்லை என்று அவர் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். ஆசிரியருக்கு ஒரு சந்தன மாலை போட்டார்கள்.

மாலையோடு பால்ராஜ் நிர்வாகப் பிரிவுக்குப் போய், ஜெனரல் ஷிப்டு உத்தரவைக் கேட்டான். அங்கே இருந்த எழுத்தர் அவன் டோக்கன் நம்பரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் காலையிலேயே போட்டாச்சே," என்றார்.

"எனக்கு வரலையே சார்."

"இந்த டோக்கனுக்கு ஜெனரல் ஷிப்டு ஒதுக்கியாச்சு. பணியிடம், அந்திக் கிரகம். டி.ஜி.எம். சின்னசாமி சார் கையெழுத்து."

"சார், அது கதையில வர்ற ஆளு."

"பேரு பால்ராஜ். டோக்கன் இதுதான். ஒரு டோக்கனுக்கு ஒரு ஷிப்டுதாங்க போட முடியும். ரெண்டாவது போட்டா ஆடிட்ல என் தலைதான் உருளும்."

பால்ராஜ் வனஜாவிடம் போனான். உரிமை உரியவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதால் நலத்துறை தலையிட முடியாது என்றாள். தேவராஜிடம் போனான். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "தப்புதான் நைனா. ஆனா அவனும் தொழிலாளி, நீயும் தொழிலாளி. அவனுக்குக் கெடைச்சத புடுங்கி உனக்குக் குடுன்னு சங்கம் எந்த வாயால கேக்கும் சொல்லு?" என்றார். இன்றைக்குப் பால்ராஜ் செகண்ட் ஷிப்டு, விழாவுக்காக விட்ட நேரம் முடிந்துவிட்டது, உலைக்குத் திரும்ப வேண்டும் என்றும் நினைவுபடுத்தினார். செக்யூரிட்டியிடம் பேசி, கேட் வரை போய்வரச் சிறிது நேரம் மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

ஹில்டா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். நர்ஸ் உடுப்பில்லை, ஈஸ்டருக்கு எடுத்த மாம்பழ நிறப் புடவை. ஐந்து மணிச் சங்கு ஊதி, ஜெனரல் ஷிப்டு ஆட்கள் அவளைத் தாண்டி ஸ்டேஷன் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். பால்ராஜ் உலைப் பிரிவின் காக்கி உடையோடு வந்தான். நடந்ததைச் சொன்னான். சொல்லச் சொல்ல அது அவனுக்கே புரியாததுபோல் இருந்தது.

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டாள். "அங்க இருக்கற பால்ராஜ் இப்ப வீட்டுக்குப் போயிட்டானா?"

"போயிருப்பான். அஞ்சு ஆயிடுச்சே."

"வீட்ல நான் இருக்கேன்ல?"

பால்ராஜ் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "கிரகத்துல ஆஸ்பத்திரி வேணும்னு வனஜா மேடம் சேர்த்துட்டாங்க. கதையில இருக்கற ஒரே பொம்பள நீதான். உனக்கு நைட் டூட்டி."

ரோடு முழுக்க சாயங்கால வெயில் படிந்திருந்தது. உள்ளேயிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"பாவம் அந்த மனுஷன்," என்றாள். "சாயங்காலம் பூரா தனியா உக்காந்து என்ன பண்ணுவான்?"

பால்ராஜ் யோசித்தான். "கதை எழுதுவான்."

"எழுதட்டும்," என்றாள் ஹில்டா. "எழுதி ஆபீஸ்ல மட்டும் குடுத்துட வேணாம்னு சொல்லுங்க."